தீப்புண்ணை ஆற்றும் குருதிப் பொருள்கள்

போடிநாயக்கனூரில் எந்தத் தெருவில் நின்று மேற்கே நோக்கினாலும் மலை தெரியும். மழைக்காலத்தில் பச்சைப் போர்வை போர்த்திக் கிடக்கும் அந்தச் சரிவுகள், மாசி பிறந்ததும் காய்ந்து வைக்கோல் நிறம் கொள்ளும். உச்சியில் ஏலத் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் நிழலில் குளிர்ந்திருக்க, இடையிலுள்ள புல்வெளிகள் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். கோடையில் சில இரவுகளில் மலைமேல் செந்நிறக் கோடு ஒன்று நெளிந்து நகர்வதை ஊரார் பலரும் கண்டிருக்கிறார்கள்.

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டனர். ஊர்மக்களும் தோட்டத் தொழிலாளர்களும் முதலில் ஓடினார்கள். பிறகு வனத்துறை, தீயணைப்புத்துறை, விமானப்படை எல்லாம் வந்தன. மீட்புப் பணி இரவு முழுவதும் நடந்து மறுநாளும் தொடர்ந்தது. காயமுற்றோரைத் துணியிலும் டோலியிலும் சுமந்து இறக்கி, போடி, தேனி, மதுரை மருத்துவமனைகளுக்கு அனுப்பினர்.

இறந்தவர் ஒன்பது பேர் என்றுதான் முதலில் செய்தி வந்தது. அடுத்தடுத்த நாள்களில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. இறுதியில் அது 23 ஆயிற்று. இவர்களில் பலர் தீயிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள். மருத்துவமனைக் கட்டிலில் நாள்கணக்கில், வாரக்கணக்கில் போராடி இறந்தவர்கள்.

அப்போது என் மாணவர் ஒருவர் வகுப்பில் கேட்டார்: "தீ அணைந்த பிறகும் ஏன் ஐயா சாகிறார்கள்?" இயற்பியல் ஆசிரியனாகிய நான் அன்று முழு விடை சொல்ல இயலவில்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான், அந்தக் கேள்விக்கு விடை தேடியே மருத்துவர்கள் நூறாண்டுகளாகக் குருதியை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறேன்.

மதிற்சுவர் இடிந்த கோட்டை

நம் தோல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. உள்ளிருக்கும் நீரை வெளியே விடாமல் காக்கிறது. வெளியிலிருக்கும் கிருமிகளை உள்ளே விடாமல் தடுக்கிறது. தோல் கருகும்போது இவ்விரு காவலும் ஒருங்கே போய்விடுகின்றன.

முதல் கேடு உடனே தொடங்குகிறது. காயத்தின் அருகிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெப்பத்தால் சேதமுற்று ஒழுகத் தொடங்கும். இரத்த அணுக்கள் குழாயிலேயே தங்க, அவற்றைச் சுமக்கும் பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் கசிந்துவிடும். இரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீரகம் முதலிய உறுப்புகள் ஓய்ந்து, ஓரிரு நாள்களில் உயிர் போகலாம்.

இரண்டாவது கேடு பொறுத்து வருகிறது. வெந்து இறந்த தோல் ஒரு தடித்த பொருக்காகக் காயத்தின்மேல் படிந்திருக்கும். அது கிருமிகளுக்கு ஈரமும் உணவும் உள்ள நல்ல விளைநிலம். அந்தப் பொருக்கில் இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே நம் வெள்ளணுக்கள் அங்கே போய்ச் சேர முடியாது. ஊசி வழியே செலுத்தும் மருந்தும் போதிய அளவில் போய்ச் சேராது. கிருமிகள் பெருகி, பொருக்கின் அடியில் இறங்கி, இரத்தத்தில் கலந்துவிட்டால் நிலைமை கைமீறிவிடும். பெரிய தீக்காயம் அடைந்தவர்கள் முதல் சில நாள்களைத் தாண்டிய பின் இறப்பதற்குத் தலையாய காரணங்களுள் ஒன்று இந்தக் கிருமித் தொற்றேயாகும்.

கொப்புளத்து நீர் சொன்ன சேதி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெந்த தோலிலிருந்து ஏதோ ஒரு நஞ்சு உடலில் பரவுவதால்தான் மனிதர்கள் இறக்கிறார்கள் என்று மருத்துவர்கள் பலர் எண்ணியிருந்தனர். 1921இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ரியால்ட்டோ என்னும் திரையரங்கு தீப்பற்றிற்று. அங்கே யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஃபிராங்க் அண்டர்ஹில் என்பவர், காயமடைந்தோரின் கொப்புளத்து நீரை எடுத்துச் சோதித்தார். அதன் சேர்க்கை கிட்டத்தட்ட இரத்த பிளாஸ்மாவைப் போலவே இருந்தது! நோயாளி இழப்பது பிளாஸ்மாவைத்தான் என்பது தெளிவாயிற்று. இழந்ததைத் திருப்பித் தருவதே மருத்துவம் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது.

இரண்டாம் உலகப்போர் இந்த எண்ணத்துக்கு உருவம் தந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக வேதியியலர் எட்வின் கோன், குளிரூட்டிய ஆல்கஹாலைப் படிப்படியாகச் சேர்த்து பிளாஸ்மாவின் புரதங்களைத் தனித்தனியே வீழ்படியச் செய்யும் முறையைக் கண்டார். ஃபைப்ரினோஜன் ஒரு பகுதியாகவும், எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலின் மற்றொரு பகுதியாகவும், ஆல்புமின் இன்னொரு பகுதியாகவும் பிரிந்து வந்தன. 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபோது, தீக்காயமுற்ற கடற்படையினருக்கு இந்த ஆல்புமின் செலுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு, 1942 நவம்பர் 28 அன்று, பாஸ்டன் நகரில் கோக்கனட் குரோவ் என்னும் கேளிக்கை விடுதி தீப்பற்றி 492 பேர் மாண்டனர். அப்போது பிழைத்தவர்களுக்குச் சேமிப்பில் இருந்த பிளாஸ்மா பெருமளவில் உதவிற்று.

பிற்காலத்தில், முதல் 24 மணி நேரத்துக்கு உப்புக் கரைசலே பெரும்பாலும் போதும் என்று கண்டனர். 1968இல் டாலஸ் நகரின் பார்க்லண்டு மருத்துவமனை மருத்துவர்கள் வகுத்த கணக்கு இன்றும் வழக்கில் உள்ளது. உடல் எடையைக் கிலோவிலும், வெந்த பரப்பை விழுக்காட்டிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி, மீண்டும் நான்கால் பெருக்கினால் தேவையான மில்லிலிட்டர் கிடைக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 40 விழுக்காடு வெந்திருந்தால் 9,600 மில்லிலிட்டர். ஏறத்தாழ ஒன்பதரை லிட்டர்! அதில் பாதியை, தீப்பட்ட நேரத்திலிருந்து எண்ணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் செலுத்திவிட வேண்டும். சாலையில்லாத மலைச்சரிவில் இரவைக் கழிக்க நேர்ந்தவருக்கு இந்தக் கணக்கின் பொருள் என்ன என்பதை வாசகர்களே உணரலாம்.

கடன் வாங்கிய காவல்

நீரிழப்பை வென்ற பிறகு மருத்துவர்களை எதிர்கொண்டது இரண்டாவது எதிரி. பெனிசிலின் சில கிருமிகளை அடக்கிற்று. ஆனால் சூடோமோனாஸ் என்னும் கிருமி அதற்கு அடங்கவில்லை. காயக்கட்டுத் துணியில் பச்சை நிறம் படியச் செய்யும் கிருமி இது. 1882இலேயே கெசார்டு என்னும் பிரெஞ்சுக்காரர், கட்டுத்துணிகளில் தோன்றிய பச்சை நிறத்தைத் தொடர்ந்து சென்று இதைப் பிரித்தெடுத்தார். மருத்துவமனைத் தொட்டி, குழாய், ஈரத்துணி என எங்கும் வாழக்கூடியது.

மருந்து வேலை செய்யாத இடத்தில் குருதியின் சொந்தக் காவலர்களை அழைத்தால் என்ன? அம்மை, தொண்டை அடைப்பான் முதலிய நோய்களில் கண்ட அதே வழிதான். 1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இர்விங் ஃபெல்லர் என்னும் மருத்துவர், உடல்நலமுள்ள தொண்டர்களுக்குச் சூடோமோனாஸ் தடுப்பூசி போட்டார். அவர்கள் உடலில் எதிர்ப்பொருள் உண்டானபின் அவர்களுடைய பிளாஸ்மாவை எடுத்து, தீப்புண்ணில் அக்கிருமி தொற்றியவர்களுக்குச் செலுத்தினார். சொந்தமாகப் படை திரட்ட நேரமில்லாத அரசன், அண்டை நாட்டுப் படையைக் கடன் வாங்குவது போன்றதே இது.

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் விபத்து மருத்துவமனையில் பணியாற்றிய ஜோன்ஸ், ரோ ஆகிய ஆராய்ச்சியாளர்கள், 16 வகைச் சூடோமோனாஸ்களுக்கு எதிரான தடுப்பூசி ஒன்றை ஆராய்ந்து வந்தனர். அதைத் தீக்காய நோயாளிகளிடம் சோதிக்க அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் புதுதில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. அங்கிருந்த மருத்துவர் குப்தாவுடன் சேர்ந்து அவர்கள் நடத்திய சோதனைகளின் முடிவுகள் 1970களின் இறுதியிலும் 1980லும் 'லான்செட்' இதழில் வெளியாயின. தடுப்பூசியோடு, எதிர்ப்பொருள் நிறைந்த இம்யூனோகுளோபுலினும் 1980ஆம் ஆண்டு ஆய்வில் சோதிக்கப்பட்டது. இவற்றைப் பெற்றவர்களிடையே, பெறாதவர்களைவிட இறப்பு குறைவாக இருந்தது.

நல்ல முடிவுதான், ஆயினும் அந்த மருத்துவம் எங்கும் நிலைபெறவில்லை. கிருமியின் வகைகள் பல. ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பொருள் வேண்டும். தயாரிப்பதற்கு ஆகும் செலவோ மிகுதி. இதற்கிடையே எளிய வழிகள் இரண்டு வந்துவிட்டன. 1968இல் சார்லஸ் ஃபாக்ஸ் என்பவர் உருவாக்கிய வெள்ளி சல்ஃபாடையசின் களிம்பு, பொருக்கின்மேல் நேரே பூசத்தக்கது. ஸ்லோவேனியாவின் மாரிபோர் நகரில் ஜோரா யான்செகோவிச் என்னும் பெண் மருத்துவர், வெந்த தோலை முதல் சில நாள்களிலேயே மெல்லிய அடுக்குகளாகச் சீவியெடுத்து, உடனே தோல் ஒட்டிவிடும் முறையை 1970இல் விளக்கினார். கிருமி விளையும் நிலத்தையே அகற்றிவிடும் வழி இது. தீப்புண் மருத்துவத்தின் போக்கையே அது மாற்றிற்று.

உறையும் குருதியே ஒட்டும் பசை

தோலை ஒட்டுவது என்றால் எதைக் கொண்டு ஒட்டுவது? தைக்கலாம், கம்பிக்கொக்கி போடலாம். ஆனால் இயற்கையே ஒரு பசையை வைத்திருக்கிறது. விரலில் வெட்டுப்பட்டால் இரத்தம் உறைகிறதல்லவா? பிளாஸ்மாவில் கரைந்துள்ள ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தைத் திராம்பின் என்னும் நொதி தொட்டதும், அது ஃபைப்ரின் என்னும் நுண்ணிழைகளாகி வலையாகப் பின்னிக்கொள்கிறது. அந்த வலை இரத்தத்தை நிறுத்துவதோடு நிற்பதில்லை. புதிய செல்கள் ஏறிப் படர்வதற்கு, அவரைக்கொடிக்குப் பந்தல் போல உதவுகிறது. புண் ஆறியதும் அந்தப் பந்தல் தானே கரைந்து போகிறது.

1909லேயே பெர்கெல் என்னும் ஜெர்மானியர் ஃபைப்ரின் தூளைக் காயத்தில் பயன்படுத்தினார். 1940இல் யங் என்பவரும் பீட்டர் மெடவாரும் சேர்ந்து, அறுந்த நரம்புகளைப் பிளாஸ்மாவால் ஒட்டிக் காட்டினர். 1944இல் அமெரிக்க மருத்துவர்கள், ஃபைப்ரினோஜனையும் திராம்பினையும் கொண்டு தோலை ஒட்டினார்கள்.

மெடவார் பின்னர் தீப்புண்ணின் பக்கம் திரும்பினார். கிளாஸ்கோ நகரில் தாமஸ் கிப்சன் என்னும் அறுவை மருத்துவருடன் சேர்ந்து, தீக்காயமுற்ற ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை ஒட்டிப் பார்த்தார். முதல் முறை ஒட்டிய தோல் சில நாள் நின்று உதிர்ந்தது. இரண்டாம் முறை ஒட்டியது இன்னும் விரைவாக உதிர்ந்தது. உடல் அந்நியத்தை அடையாளம் கண்டு, நினைவில் வைத்துக்கொண்டு விரட்டுகிறது என்பதை 1943இல் வெளியான அந்த ஆய்வு காட்டிற்று. உறுப்பு மாற்று மருத்துவத்துக்கே வித்திட்ட இத்துறை ஆராய்ச்சிகளுக்காக மெடவாருக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. தீப்புண்ணுக்கு நோயாளியின் சொந்தத் தோலே நிலையான மூடி என்ற பாடமும் அதில் அடங்கியுள்ளது.

ஃபைப்ரின் பசைக்கு ஒரு கறையும் நேர்ந்தது. பலருடைய பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து தயாரித்ததால், ஒருவரிடமிருந்த மஞ்சள்காமாலைக் கிருமி பலருக்கும் பரவிற்று. அமெரிக்காவில் 1977இல் அத்தகைய ஃபைப்ரினோஜனுக்கு அளித்த உரிமமே இரத்துச் செய்யப்பட்டது. கிருமி நீக்கும் முறைகள் வந்தபின் பசை மீண்டும் எழுந்தது. தீப்புண் நோயாளிகளுக்கு அவர்களுடைய தோலையே ஒட்டுவதற்கென்று தயாரித்த ஒரு ஃபைப்ரின் பசைக்கு அந்நாட்டு அரசு 2008இல் ஒப்புதல் அளித்தது.

நம் பக்கத்திலும் முயற்சிகள் நடந்தன. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் லிஸ்ஸி கிருஷ்ணனும் அவர் குழுவினரும் ஃபைப்ரின் பசையை உருவாக்கினர். சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தார், ஃபைப்ரினோடு கைட்டோசான், ஆல்ஜினேட் ஆகியவற்றைச் சேர்த்துக் காயத்தை மூடும் தாளை உருவாக்கி 2012இல் விவரம் வெளியிட்டனர். முன்னது நண்டு, இறால் ஓடுகளிலிருந்தும், பின்னது கடற்பாசியிலிருந்தும் கிடைப்பவை. பதனிடும் தோலை ஆராய வந்த நிலையம், மனிதத் தோலின் புண்ணுக்கும் மருந்து தேடியது என்பது சுவையான செய்தி.

சல்லடையும் சுழற்சியும்

டெங்குக் காய்ச்சல் வந்த வீடுகளில் 'பிளேட்லெட்' என்ற சொல்லை அறியாதவர் இல்லை. இரத்தத் தட்டுகள் என்று நாம் சொல்லும் இவை, குழாயின் ஓட்டையை அடைப்பதற்கு மட்டுமே என்று நெடுநாள் கருதினர். 1974இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் ராஸ் குழுவினர், தட்டுகளிலிருந்து வெளிப்படும் ஒரு பொருள் பிற செல்களை வளரத் தூண்டுகிறது என்று காட்டினர். வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் இத்தகைய பொருள்கள் தட்டுகளின் உள்ளே சிறு பைகளில் அடைபட்டிருக்கின்றன. காயம் பட்டதும் பை திறந்து கொட்டுகிறது. 1986இல் நைட்டன் என்பவரும் அவர் குழுவினரும், நெடுநாள் ஆறாத புண்களில், அந்தந்த நோயாளியின் தட்டுகளிலிருந்தே எடுத்த பொருளைப் பூசிப் பலன் கண்டதாக எழுதினர்.

தட்டுகளை எப்படிப் பிரிப்பது? இங்கேதான் இயற்பியல் உதவிக்கு வருகிறது. போடியில் ஏலக்காயைத் தரம் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உலர்ந்த காயைச் சல்லடையில் சலித்து, எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று பருமனால் வேறாக்குவார்கள். பதரை முறத்தில் புடைத்து எடையால் வேறாக்குவார்கள். இரத்தத்தைப் பிரிப்பதும் ஏறத்தாழ இந்த இரண்டும் சேர்ந்த வேலையே. சிவப்பணு 7 முதல் 8 மைக்ரான் குறுக்களவும், நீரைவிடச் சுமார் 1.1 மடங்கு அடர்த்தியும் உள்ளது. தட்டு 2 முதல் 3 மைக்ரான்தான். அடர்த்தியும் சற்றுக் குறைவு. ஒரு திரவத்தில் துகள் மூழ்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பது ஸ்டோக்ஸ் விதி. ஆகவே சிவப்பணு முந்தி இறங்கும், தட்டு பிந்தும்.

புவியீர்ப்பை மட்டும் நம்பினால் நேரம் மிகுதியாகும். எனவே சுழற்றுகிறோம். 15 சென்டிமீட்டர் ஆரத்தில் நிமிடத்துக்கு 1,500 சுற்றுகள் சுழற்றினால், குழாயிலுள்ள பொருளின்மேல் புவியீர்ப்பைப் போலச் சுமார் 380 மடங்கு விசை செயல்படும். சிவப்பணுக்கள் அடியில் படிய, தட்டுகள் மேலேயுள்ள பிளாஸ்மாவில் மிதந்து நிற்கும். அந்தப் பிளாஸ்மாவை மட்டும் எடுத்து, சுற்றுகளை இருமடங்காக்கினால் விசை நான்கு மடங்காகித் தட்டுகளும் அடியில் சேரும். மேல்நீரின் பெரும்பகுதியை நீக்கிவிட்டால் எஞ்சுவது தட்டுச்செறிவுப் பிளாஸ்மா. சாதாரண இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை முதல் நாலரை இலட்சம் தட்டுகள் உண்டு. இதில் ஏறத்தாழப் பத்து இலட்சம். இதனோடு கால்சியமோ திராம்பினோ சேர்த்தால் கூழாக உறைந்து புண்ணின்மேல் தங்கும். மாவட்ட மருத்துவமனைகளின் இரத்த வங்கிகளில் உள்ள சுழற்பொறியே இதற்குப் போதும். நோயாளியின் சொந்த இரத்தமாதலால் அந்நியம் என்று உடல் விரட்டுவதில்லை. பிறர் நோய் தொற்றும் அச்சமும் இல்லை.

எதைச் செய்யும், எதைச் செய்யாது?

அப்படியானால் சீழ் பிடித்த தீப்புண்ணில் இந்தக் கூழை ஊற்றிவிட்டால் போதுமா? போதாது. தட்டுகளில் கிருமியைத் தாக்கும் சில சிறு புரதங்கள் இருப்பது உண்மை. ஆய்வுக்கூடத் தட்டில் அவை சில கிருமிகளை ஒடுக்குகின்றன. ஆனால் இறந்த தசையும் சீழும் மண்டிய புண்ணில் கிருமிகளின் நொதிகள் வளர்ச்சிக் காரணிகளையே சிதைத்துவிடும். ஃபைப்ரின் வலையையும் கரைத்துவிடும். களை எடுக்காத வயலில் உரம் போட்டால் களைதான் செழிக்கும்.

சுத்தமான புண்ணிலும் பலன் உறுதியென்று சொல்வதற்கில்லை. 2016இல் நெதர்லாந்து மருத்துவர்கள் ஒரு நேர்மையான சோதனையின் முடிவை வெளியிட்டனர். ஒரே நோயாளியின் தீப்புண்ணில் ஒரு பகுதிக்குத் தட்டுச்செறிவுப் பிளாஸ்மாவுடனும், மற்றொரு பகுதிக்கு அது இல்லாமலும் தோல் ஒட்டிப் பார்த்தனர். தோல் பிடித்த அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேறு சில சிறிய ஆய்வுகள் புண் விரைவில் ஆறியதாகச் சொல்கின்றன. ஆகவே வரிசை மாறக்கூடாது: முதலில் நீரிழப்பை ஈடுசெய்தல், அடுத்து இறந்த தோலை அகற்றிக் கிருமியை அடக்குதல், பிறகு சொந்தத் தோலால் மூடுதல். குருதிப் பொருள்கள் இந்த வரிசையின் ஒவ்வொரு படியிலும் துணை நிற்கலாம்; எந்தப் படியின் இடத்தையும் தாமே பிடிக்க முடியாது.

நூறாண்டு வரலாறு தரும் பாடம் இதுவே. பிளாஸ்மா, எதிர்ப்பொருள், ஃபைப்ரின், தட்டு என்று ஒவ்வொன்றும் வந்தபோது, இதோ முழு மருந்து கிடைத்துவிட்டது என்ற ஆர்வம் பொங்கிற்று. ஒவ்வொன்றும் பிறகு தனக்குரிய அளவான இடத்தில் அமர்ந்தது.

மலையடிவாரத்தில் நாம் செய்யக்கூடியது

இந்த வரிசையின் முதற்படி மருத்துவமனையில் தொடங்குவதில்லை. தீப்பட்ட இடத்திலேயே தொடங்குகிறது. தீப்பட்ட இடத்தில் ஓடும் குளிர்நீரை இருபது நிமிடம் விட வேண்டும், பனிக்கட்டி கூடாது. மோதிரம், வளையல்களை வீங்குமுன் கழற்ற வேண்டும். பேனா மை, பற்பசை, காப்பித்தூள், மாவு எதையும் அப்பக்கூடாது. அவை வெப்பத்தை உள்ளே தேக்குவதோடு கிருமிக்கும் இடம் தரும். தூய துணியால் மூடி, தீப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். எட்டு மணி நேரக் கணக்கு அந்த நிமிடத்திலிருந்தே ஓடுகிறது.

இன்னொன்றும் நம்மால் ஆகும். மருத்துவத்தில் பயன்படும் ஆல்புமினும் இம்யூனோகுளோபுலினும் பெரும்பாலும் மனிதக் குருதியிலிருந்தே பிரித்தெடுக்கப்படுகின்றன.  பெரிய தீக்காயத்துக்கு அறுவை செய்யும்போது இழக்கும் இரத்தமும் கொஞ்சநஞ்சம் அன்று. இரத்த வங்கியில் நாம் தரும் ஒரு பை, எந்த மலையில், எந்தக் கோடையில், யாருக்குப் போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாது.

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு விடை சொல்லலாம். தீ அணைந்த பிறகு உடலுக்குள் இரண்டாவது போர் ஒன்று தொடங்குகிறது. அந்தப் போரில் மருத்துவர்கள் கையிலெடுத்த படைக்கலங்களில் பல, நம் நரம்பில் ஓடும் குருதியிலிருந்தே வந்தவை. குரங்கணியின் புல் அடுத்த மழையிலேயே துளிர்த்துவிட்டது. மனிதத் தோல் அவ்வளவு எளிதில் துளிர்ப்பதில்லை. அதனால்தான் அதற்கு இத்தனை துணை வேண்டியிருக்கிறது.